பின்படி இருக்கிறதா?

திரைச்சீலைக் கடைக்கு எந்தத் துணி வந்தாலும் கர்ட்டன் அக்கா முதலில் அதன் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவுவாள். தீக்குச்சியைக் கிழித்து நூலின் நுனியில் காட்டுவாள். சாம்பலாக உதிர்கிறதா, உருகிச் சொட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் கத்திரியைத் தொடுவாள். உருகிச் சொட்டினால் முகம் சுண்டிவிடும். “இத படுக்கிற ரூமுக்குப் போடாதீங்க, ஹாலுக்கு வேணா போட்டுக்கங்க” என்று வாடிக்கையாளரிடமே சொல்லிவிடுவாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் பதினாறு வருடமாக அவளை அவர் விடவில்லை. மடிப்பு பிசகாமல் திரைச்சீலை தைக்க அந்தத் தெருவில் அவளை விட்டால் ஆள் கிடையாது.

அவள் மாடியில் தங்க மாட்டாள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், மாடியில் பாய் விரித்திருக்கிறது என்று தெரிந்தால், கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பிவிடுவாள். காரணம் கேட்டால் முட்டி வலி என்பாள். சின்ன வயதில் ஏதோ ஒரு தீ விபத்திலிருந்து தப்பித்தவள் என்பது மட்டும் அவள் கணவருக்குத் தெரியும். அவர் பெயின்டர். ஏணிமேல் பாதி ஆயுளைக் கழித்தவர். பேசாத பேச்சைத் தோண்டுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடக் கூரைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தவர் பாதியில் இறங்கி வீட்டுக்கு வந்தார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, “உன் வேலைய என் கண்ணுக்குள்ளயே ஆரம்பிச்சிட்டியா? மேலேருந்து யாரோ கறுப்பு கர்ட்டன இறக்கின மாதிரி இருக்கு” என்றார். அவர் சிரித்ததைப் பார்த்து அவளும் சிரித்தாள். மறுநாள் டாக்டர் சிரிக்கவில்லை. விழித்திரை பிய்ந்துகொண்டு வருகிறது, வலது கண்ணும் ஏற்கெனவே மங்கல், நான்கு நாளைக்குள் பெருநகரத்துக் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார். செய்த பிறகு ஒரு வாரம் தலையைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும், தினமும் காலையில் வந்து காட்ட வேண்டும்.

“ஆஸ்பத்திரியில இடம் குடுக்க மாட்டாங்க. பக்கத்துலயே ஒரு லாட்ஜ்ல ரூம் போட்டுக்கங்க” என்றார் டாக்டர், சாதாரணமாக.

லாட்ஜ் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பக்கத்தில் கணவர் கண் போய்விடுமோ என்று பயந்து உட்கார்ந்திருந்தார். அவளோ ரூமை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள். அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. வெளியே சொல்லவில்லை.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள் மாலையில் வந்து போனைத் திறந்தாள். ஆஸ்பத்திரியைச் சுற்றி மலிவான லாட்ஜ்கள் திரையில் வரிசைகட்டி நின்றன. வெள்ளை விரிப்பு, அதன்மேல் அன்னம்போல மடித்த துண்டு.

“இது நல்லாருக்கும்மா.”

“ஜன்னல்ல கம்பி போட்டிருக்கு.”

“இது?”

“ஜன்னலே இல்லியே.”

“இதுல ஜன்னல் இருக்கு, கம்பி இல்ல. போதுமா?”

“எத்தனாவது மாடி?”

“ஏழு. லிஃப்ட் இருக்கும்மா.”

அம்மாவின் முகத்தைப் பார்த்து மகள் அதையும் விரலால் தள்ளிவிட்டாள். கர்ட்டன் அக்கா துணி சுற்றி வரும் அட்டையைக் கிழித்து, பின்புறத்தில் எழுத ஆரம்பித்தாள். முதல் கேள்வி: கட்டடத்தின் பின்பக்கமாக இறங்கப் பின்படி இருக்கிறதா? இரண்டாவது: பின்படிக் கதவு உள்ளிருந்து திறக்குமா?

“போன் போட்டுக் குடு. நானே பேசறேன்.”

முதல் லாட்ஜில் ஒரு பெண் தேனாகப் பேசினாள். எல்லா வசதியும் இருக்கிறது என்றாள். பின்படி எந்த ரூமுக்குப் பக்கத்தில் என்று கேட்டதும் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. அப்புறம், “வைஃபை இருக்கு மேடம்” என்றாள். இரண்டாவது இடத்தில் ஒரு ஆள் குரலைத் தாழ்த்தி, “எதுக்குப் பின்வழி கேக்கறீங்க? உங்கள யாராச்சும் தேடறாங்களா?” என்றான். மூன்றாவது இடத்தில் கேள்வி முடியுமுன்னே போனை வைத்துவிட்டார்கள்.

நான்காவது லாட்ஜில் எடுத்தவருக்கு வயதான குரல். “படி இருக்குதும்மா. கதவு எப்படி இருக்குன்னு பாக்கணும். கொஞ்சம் லைன்லயே இருங்க” என்றார். ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல், யாரோ சாவி கேட்பது, ஒரு ரேடியோ. ஐந்து நிமிடத்துக்குமேல் ஆயிற்று. மகள் துண்டிக்கச் சொல்லி ஜாடை காட்டினாள். அம்மா அசையவில்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் வந்தார்.

“பாத்துட்டேம்மா. ரெண்டாவது மாடிக் கோடியில பின்படி இருக்கு. ஆனா கதவு பூட்டியிருக்கு. படியில பழைய மெத்தையெல்லாம் போட்டு வச்சிருக்காங்க. பொய் சொல்லக் கூடாதில்லையா.”

“அந்தக் கோடி ரூமே எங்களுக்குக் குடுங்க” என்றாள் அவள்.

போனை வைத்ததும் மகள், “பூட்டியிருக்குன்னு சொன்ன இடத்தையா புடிச்சே?” என்று கேட்டாள்.

“மத்தவங்க யாரும் எந்திரிச்சிப் போய்ப் பாக்கலியே” என்றாள் அம்மா. சொல்லிவிட்டாளே தவிர, பூட்டு என்ற சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. பெட்டியில் டார்ச் இரண்டு, விசில் ஒன்று, நனைத்து மூக்கில் கட்ட நான்கு துண்டு என்று அடுக்கினாள். கணவரின் சட்டைகளை மகள்தான் ஞாபகப்படுத்தி வைத்தாள்.

விடியற்காலையில் கிளம்பிய பஸ் மதியம் அவர்களை நகரத்தில் இறக்கிவிட்டது. மகளுக்கு லீவு கிடைக்கவில்லை, இருவர் மட்டும். மேம்பாலத்துக்கு அடியில் பாலம், அதற்கடியில் கடை. நடைபாதையிலேயே மோட்டார் சைக்கிள்கள் ஏறி வந்தன. கணவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். லாட்ஜ் ஒரு செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், இடுக்கில் மாட்டிக்கொண்டதுபோல நின்றது. நிமிர்ந்து மாடிகளை எண்ணினாள். நான்கு.

கவுன்டரில் போனில் பேசியவரே இருந்தார். ஒடிசலான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. “பின்படி அம்மாவா?” என்று கேட்டுச் சாவியைத் தந்தார்.

ரூமில் பெட்டியை வைத்த கையோடு கோடிக்குப் போனாள். தகரக் கதவு. பெரிய பூட்டு. கதவின் மேல்பாதியில் இருந்த கண்ணாடி வழியாக மடித்த மெத்தைகளும் கால் உடைந்த நாற்காலிகளும் தெரிந்தன. வெளிச்சம் மங்கல். அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

ரூமிலிருந்து கணவர் தடவிக்கொண்டே வந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து கவுன்டர்காரர் தண்ணீர் பாட்டிலோடு படியேறி வந்தார்.

“என்னம்மா, மயக்கமா?”

“இத திறந்து வைங்க சார்.”

“என் கையில இல்லம்மா. பின்பக்கமா திருடன் வர்றான்னு ஓனர் பூட்டச் சொல்லியிருக்காரு. சாவி என்கிட்டதான் இருக்கு. ஏதாவதுன்னா நான் ஓடி வந்து திறந்துர மாட்டேனா?”

அதைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன்” என்றாள்.

கணவர் எதிரில் நிற்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. “எனக்கு அப்போ பத்தொம்பது வயசு. இதே மாதிரி ஒரு லாட்ஜ்ல விரிப்பு மாத்தற வேலை. தெனமும் சலவைத் துணி பின்படி வழியா மேல வரும். வந்ததும் கதவப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கணும். சூப்பர்வைசர் உத்தரவு. அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணி. நான் முன்பக்கம் ஒரு ரூமுக்குச் சோப்பு குடுக்கப் போனேன். கீழேருந்து புகை வந்துச்சு. கூட்டம் என்னையும் சேத்துத் தள்ளிக்கிட்டு முன்படியில இறங்கிடுச்சு. தெருவுக்கு வந்தப்புறந்தான் இடுப்புல கை வச்சுப் பாத்தேன்.”

கவுன்டர்காரர் பாட்டிலைத் தரையில் வைத்தார்.

“என்னோட வேலை பாத்தவ ஒருத்தி. நெட்டைன்னு கூப்புடுவோம். ரெண்டு பேரும் ஒரே டப்பாவுல சாப்புடுவோம். அவ பின்படிக்கு ஓடியிருக்கா. அவ பின்னாடியே தங்க வந்தவங்க ரெண்டு பேரு. மூணு பேருமே உயிரோட வெளிய வரல. போலீஸ் கேட்டப்ப சூப்பர்வைசர், கதவு திறந்துதான் இருந்துச்சுன்னுட்டாரு. நானும் ஆமான்னு தலையாட்டிட்டேன். சாவியக் குளத்துல போட்டேன்.”

கீழே தெருவில் ஹாரன் விடாமல் ஒலித்தது. கவுன்டர்காரர் பாக்கெட்டில் இருந்த சாவிக்கொத்தைத் துணிமேலாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு அதை எடுத்து, ஒன்றைத் தேடிப் பிடித்துப் பூட்டில் நுழைத்தார். துருவேறிய பூட்டு இரண்டு முறை முரண்டு பிடித்துவிட்டுத் திறந்தது.

“ஓனர் வந்தா நான் பேசிக்கறேன்” என்றார்.

மெத்தைகளை இறக்க மூவருமே கைகொடுத்தார்கள். பெயின்டரை உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. கனமான பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள். ரூமுக்குத் திரும்பியதும் அவர் கட்டிலில் உட்கார்ந்து கையில் ஒட்டிய தூசியைத் துடைத்தார். அப்புறம், “முட்டி வலின்னு நம்பி இத்தன வருஷமா தைலம் வாங்கிட்டு வந்தனே” என்றார். அவள் சிரிக்க வாயெடுத்து, அழுதுவிட்டாள். அவர் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

ஆபரேஷன் மறுநாள் நடந்தது. பஞ்சு கட்டிய கண்ணோடு, தலையைக் கவிழ்த்து அவரைக் கூட்டி வந்தாள். பயம் குறையவில்லை, கூடிவிட்டது. இனி ஓடுவது என்றால் பார்வையில்லாத ஆளையும் இழுத்துக்கொண்டல்லவா ஓட வேண்டும்? அதனால் அன்று சாயங்காலமே அவரைப் பின்படியில் இறக்கி, ஏற்றிப் பழக்கினாள். நாற்பத்திரண்டு படி. ஒன்பதாவது படியில் ஒரு விரிசல். அவர் முனகாமல் எண்ணினார்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குத் தீய்ந்த வாடை வந்தது.

அவள் கணவரின் கண்ணுக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். முதலில் மனப்பிரமை என்று நினைத்தாள். அது அவளுக்குப் பழகியதுதான். ஆனால் அவரே மூக்கை உறிஞ்சி, “ஏதோ கருகுதே” என்றார். அவ்வளவுதான். கதவைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இல்லை. நனைத்த துண்டை அவர் முகத்தில் சுற்றினாள். வெளியே வராந்தாவில் மெல்லிய புகை. எதிர் ரூம் கதவுகளைக் கையால் அறைந்துகொண்டே, “வெளிய வாங்க, வெளிய வாங்க” என்று கத்தினாள். தகரக் கதவை நெருங்கும்போது, பூட்டியிருக்கும், பூட்டியிருக்கும் என்றே அவள் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. கையை வைத்தாள். திறந்தது.

“ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று அவர் எண்ண, இறங்கினார்கள். பின்னால் ஒரு தாயும் மகளும், ஈரத் தலையோடு ஒரு ஆளும் வந்தார்கள்.

கொல்லையில் துவைத்த விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. சற்று நேரத்தில் கவுன்டர்காரர் கருகிய துண்டைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். முதல் மாடியில் ஒருவர் இஸ்திரிப் பெட்டியைத் துண்டின்மேல் வைத்துவிட்டுப் போனில் பேசப் போய்விட்டாராம். ஈரத் தலை ஆள், “இதுக்கா இந்த ஓட்டம்?” என்று சிரித்தார். தாயும் மகளும்கூடச் சிரித்தார்கள். கர்ட்டன் அக்காவுக்கு உடம்பு உதறியது. ஒரு விரிப்பைக் கயிற்றிலிருந்து இழுத்துப் போர்த்திக்கொண்டும் உதறல் நிற்கவில்லை. கணவர் தலையைக் கவிழ்த்தபடியே, “நாப்பத்திரண்டும் சரியா இருந்துச்சு” என்றார்.

ஒன்றரை மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இடது கண்ணில் பாதிக்குமேல் பார்வை திரும்பியிருந்தது. அவளே லாட்ஜுக்குப் போன் போட்டாள். கவுன்டர்காரர் குரலைக் கேட்டதுமே விஷயம் சரியில்லை என்று தெரிந்தது.

“ஓனர் வந்து மறுபடியும் பூட்டிட்டாரும்மா. சாவியையும் எடுத்துட்டுப் போயிட்டாரு. பொய் சொல்லி உங்கள வரவழைக்க மாட்டேன்.”

“நான் தீயணைப்பு ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா உங்களுக்குப் பிரச்சினையா?”

“வேலை போகலாம். இந்த வயசுல போனா போகட்டும். எழுதுங்கம்மா. கேட்டா நான் சாட்சி சொல்றேன்.”

நகரத்துக்குப் போனதும், ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் தீயணைப்பு ஆபீஸுக்குத்தான் போனாள். சீருடை போட்ட அதிகாரியைக் கண்டதும் பழைய போலீஸ்காரர் ஞாபகம் வந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. கணவர் பேச வாயைத் திறந்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்து அழுத்தினாள். லாட்ஜின் முகவரி, மாடி, கதவு, பூட்டு, படியில் கிடந்த பொருட்கள் எல்லாவற்றையும் எழுதினாள். கடைசியில் அதிகாரி, “உங்களுக்கு இதுல என்ன அக்கறை?” என்று கேட்டார்.

அவள் இன்னொரு தாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் பூட்டியிருந்த கதவைப் பற்றி எழுத ஆரம்பித்தாள். அதிகாரி அவசரப்படுத்தவில்லை. நெட்டையின் முழுப் பெயரையும் ஊரையும் எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டு, தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.