உப்பளத்துக்குப் போன ஹோல்டர்

இதய டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுப்பது என் வேலை. போன கோடையில் மாப்பிள்ளையூரணிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் வந்தார். உப்பு சுமக்கும்போது இரண்டு முறை மயங்கி விழுந்திருந்தார். ஈ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியவில்லை. மயக்கம் வரும் நேரத்தில் இதயம் என்ன செய்கிறது என்று பார்க்க, ஹோல்டர் மாட்டச் சொன்னார் டாக்டர்.

சின்ன செல்போன் அளவுக் கருவி அது. இடுப்பில் தொங்கும். அதன் வயர்களை நெஞ்சில் ஸ்டிக்கர் வைத்து ஒட்டுவோம். ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிந்துகொள்ளும்.

"நனைக்கக் கூடாதுக்கா. மத்தபடி எப்பவும் போல வேலை பாருங்க" என்றேன்.

மறுநாள் மாலை பதிவைக் கணினியில் போட்டுப் பார்த்தால், காலை ஒன்பது மணி வரை துடிப்பு. அப்புறம் வெறும் கோடு.

"என்னக்கா செஞ்சீங்க?"

"நான் என்னத்தளா செஞ்சேன்? வெயில் ஏற ஏற வேர்த்து ஊத்துது. எல்லாம் உரிஞ்சி விழுந்துட்டு."

உப்பளத்து வெயிலில் நனையாமல் வேலை பார்க்கச் சொன்ன என் மடத்தனம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் மேல் எரிச்சல்தான் வந்தது. மறுபடி மாட்டி, நெஞ்சு முழுக்க பிளாஸ்திரி போட்டு அனுப்பினேன். இந்த முறை காலை ஆறு மணியிலிருந்தே கோடு.

"கங்காணி பாத்துட்டாரு. இடுப்புல என்ன செல்போனா, வீடியோ எடுக்கியான்னு கேட்டாரு. கழட்டி தூக்குச்சட்டி பைக்குள்ள வச்சிட்டேன்."

ஒரு பகல் முழுக்க தூக்குச்சட்டிக்கு ஹோல்டர் எடுத்திருக்கிறோம்! "டாக்டர் மாட்டினதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று கத்தியே விட்டேன்.

"சொன்னா, நோயாளிக்கு இங்கன வேலை கெடையாதும்பாரு."

மூன்றாவது முறை லீவு போட்டு வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். அருமையான பதிவு. ஒரு குறையும் இல்லை. டாக்டர் நார்மல் என்று எழுதினார். அதே வாரம் அக்கா மறுபடி விழுந்து, தாடையில் தையலோடு வந்து நின்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தச் சமயம் ஒரு விற்பனைப் பிரதிநிதி புதுக் கருவியோடு வந்தார். வயரே கிடையாது, நெஞ்சில் ஒட்டினால் பதினான்கு நாள் தாங்கும், தண்ணீர் பட்டாலும் போகாது என்றார். ஏ.சி. அறையில் தன் கையில் ஒட்டிக்கொண்டு அதன் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றியும் காட்டினார்.

"இந்தத் தண்ணியெல்லாம் வேண்டாம் சார். உப்பளத்துல வேலை பாக்குற ஒரு அக்காவுக்கு ஒட்டிப் பாப்போம்" என்றேன். அவர் தயங்கினார். டாக்டர் சரி என்றதும் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாளே அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார் அக்கா. ஒட்டிய இடமெல்லாம் சிவந்து கொப்புளம்.

"பதினாலு நாள்னியே ஏளா! அரிப்பு உயிர் போகுது."

அதை வாங்கிக்கொண்டேன். நம்பிக்கையே இல்லாமல்தான் கணினியில் போட்டேன். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மேல், ஆறு விநாடி, அவர் இதயம் துடிக்கவேயில்லை.

"அன்னைக்கு விழுந்தீங்களாக்கா?"

"விழல. கண்ணு இருட்டிச்சு, வரப்புல உக்காந்துட்டேன்."

அரசு ஆஸ்பத்திரியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்ததாகச் சொல்லிவிட்டு, இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனார். தோள் வலி என்று கங்காணியிடம் கெஞ்சி, கொட்டகையில் சாக்குத் தைக்கும் வேலையும் வாங்கிவிட்டார். போன வாரம் பரிசோதனைக்கு வந்தபோது ஒரே புலம்பல்.

"இப்ப மயக்கம் வரல்லல்லா? நெழல்ல உக்காரத்தான் அன்னைக்கு இவ நடிச்சிருக்கான்னு கூட வேலை பாக்குறவளுவ சொல்லுதாளுவ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நானே அங்கன வந்து சொல்லுதேன்க்கா."

"நீ சும்மா கெட. நெஞ்சுக்குள்ள மெஷின் இருக்குன்னு தெரிஞ்சா, அந்த நெழலும் போயிரும்."