வெள்ளைப் பெட்டிக்கு ஒரு தோல் உறை

ஆம்பூரில் எங்கள் வீடு நீளமானது. கூடத்திலிருந்து கடைசி அறைவரை மூன்று சுவர்கள், மூன்றும் கருங்கல். வைஃபை பெட்டி கூடத்தில் இருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து என் மனைவி படுத்திருந்தது கடைசி அறையில். குளியலறை பக்கத்தில் இருப்பதால் அங்கேதான் கட்டில் போட்டோம்.

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகவேண்டியவள் இவள். டிக்கெட் எடுத்த பிறகு வழுக்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ குழந்தைகளைத் தூக்கிய மகளுக்கு, தன் குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்ட மட்டும் பயம். அம்மா பார்த்துச் சொன்னால்தான் தண்ணீர் ஊற்றுவேன் என்றாள்.

தினமும் மதியம் மூன்று மணிக்கு வீடியோ அழைப்பு வரும். கடைசி அறையில் படம் அசையாமல் நின்றுவிடும். அதனால் நான் கூடத்தில் போனோடு நிற்பேன். இவள் உள்ளேயிருந்து சத்தம் போடுவாள். நான் அதை மகளுக்குச் சொல்வேன். கழுத்துக்குக் கை கொடு என்பது போய்ச் சேர்வதற்குள் அவள் குழந்தையைக் குப்புறத் திருப்பியிருப்பாள். இப்படி மூன்று நாள். நீங்களே பார்த்துட்டு வந்து சொல்லுங்க, போதும் என்று இவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மகள் வெளிநாடு போகும்போது பரணில் போட்டுவிட்டுப் போன பழைய பேஸ் ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. வெள்ளைச் சதுரப் பெட்டி; வயரில் இணைத்தால் அதுவும் வைஃபை தரும். அவள் போனில் சொல்லச் சொல்ல, பின்பக்க ஓட்டையில் குண்டூசியால் அழுத்திப் பழைய செட்டிங்கை அழித்தேன். கூடத்துப் பெட்டியிலிருந்து கடைசி அறை ஜன்னல்வரை பதினெட்டு மீட்டர் வயர், முப்பத்தோரு கிளிப். பெயரும் பாஸ்வேர்டும் கூடத்தில் இருப்பதையே வைத்தால் போன் தானாக மாறிக்கொள்ளுமாம். பச்சை விளக்கு எரிந்தது. அன்று இவள் குளியல் முழுவதையும் கண்ணால் பார்த்தாள்.

அந்தச் சந்தோஷத்தில் பெட்டிக்கு ஓர் உறை தைத்தாள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவள். எங்கள் வீட்டில் ரிமோட், கண்ணாடி, சாவி எல்லாமே தோல் உறைக்குள்தான். படுத்தபடியே கையால் தைத்தும் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. மறுநாள் நடுக்குளியலில் விளக்கு ஆரஞ்சாகி, படம் போய்விட்டது. பெட்டியைத் தொட்டேன். இட்லிப் பானை மாதிரி கொதித்தது.

சொல்ல மனம் வரவில்லை. மூன்று மணிக்கு முன்னால் உறையைக் கழற்றுவேன், பேசி முடித்ததும் மாட்டுவேன். ஜன்னல் அவள் தலைக்குப் பின்னால். தெரியாது என்று நினைத்தேன்.

"குளிக்கிற நேரத்துக்கு அவுத்து, அப்புறம் மாட்டி... அதுவும் இன்னா கொழந்தையா?" என்றாள் ஒருநாள்.

நான் வயரைச் சரிசெய்வதுபோல் நின்றேன்.

"சூடாவுதுன்னு சொல்றதுக்கு இன்னாங்க? ஷூவுக்குக் காத்து ஓட்டை போட்டே ரிடையர் ஆனவ நானு."

தோலில் ஓட்டை போடும் உளியும் சுத்தியலும் கேட்டாள். ஸ்டூல்மேல் சப்பாத்திப் பலகையை வைத்து நான் பிடித்துக்கொள்ள, தலையணையில் சாய்ந்தபடி தட்டினாள். வரிசைக்குப் பன்னிரண்டு, ஆறு வரிசை. எழுபத்திரண்டு என்றேன். எண்ணாமல் பலகையைப் பிடிக்கச் சொன்னாள்.

அன்று உறைக்குள் இருந்தபடியே பச்சை விளக்கு எரிந்தது. அங்கே மருமகன் போனைப் பிடித்திருக்க, மகள் கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையை மல்லாக்கப் போட்டாள்.

"அம்மா, ஊத்தட்டா?"

இவள் இடது கையைப் போர்வைமேல் விரித்து, கையில் இல்லாத ஒரு கழுத்தைத் தாங்கினாள்.

"ஊத்து. நான் புடிச்சிருக்கேன்."