நிற்க வைத்த மீட்டர்

எங்கள் கருவிப் பட்டறையில் அவருக்குச் ‘சூடாகட்டும் அக்கா’ என்று பெயர். வாயுவை அளந்து விடும் மீட்டர் எது பழுதென்று வந்தாலும், மின்சாரம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். “சூடாகட்டும். அதுக்குள்ள அது சொல்றதெல்லாம் உளறல்.” அவசரக்காரனான எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் கை வைத்த மீட்டர் திரும்பி வந்ததில்லை.

ஒன்று மட்டும் வந்தது. அதுவும் அவர் வீட்டுக்காரரின் உலையிலிருந்து.

அவரை நாங்கள் மாமா என்போம். எஃகுத் துண்டுகளை உலையில் வைத்துப் பதப்படுத்துகிறவர். உள்ளே போதுமான நைட்ரஜன் போனால் துண்டு பளபளவென்று வரும், குறைந்தால் கருத்துவிடும். கொஞ்ச காலமாகக் கருத்தே வந்துகொண்டிருந்தது. “அளவு வைக்க மறந்துடறீங்க” என்ற மேலாளர், பேக்கிங் பக்கம் மாற்றப்போவதாகவும் சொல்லிவிட்டார்.

மாமாவின் அப்பா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்டவர். அந்தப் பயம் மாமாவைப் பிடித்துக்கொண்டது. பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

அக்கா மீட்டரைக் கழற்றி வந்து மேசையில் படுக்க வைத்துச் சோதித்தார். ஒரு குறையும் இல்லை. மறுபடியும் சோதித்தார். “நல்லாத்தான் இருக்கு” என்று அவர் சொல்லச் சொல்ல பக்கத்தில் நின்ற மாமாவின் முகம் சுருங்கியது. மீட்டர் சரியென்றால் கெட்டுப்போனது யார்? எனக்கோ அந்த மீட்டரைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

திரும்ப மாட்ட அக்காவே என்னையும் கூட்டிக்கொண்டு உலைக்கு வந்தார். குழாயைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“இது படுத்துத்தானே இருந்துச்சு? யாரு நிக்க வெச்சது?”

“குழாய் மாத்துனப்போ இடம் பத்தலைன்னு ஃபிட்டர் நிமித்திட்டாரு” என்றார் மாமா.

அக்கா மீட்டரை மாட்டினார். வாயுவை நிரப்பி, முன்னும் பின்னும் வால்வை மூடி, மின்சாரம் கொடுத்தார். திரையில் எண் தாறுமாறாக ஆடியது. மாமா பதறி எட்டிப் பார்த்தார்.

“சூடாகட்டுங்க. உக்காருங்க.”

இருவரும் கவிழ்த்த பெட்டிகள் மேல் உட்கார்ந்தார்கள். மாமா தரையைப் பார்த்தபடி சொன்னார்: “உன்னையும் ஒருநாள் யாருன்னு கேட்டுருவேனோன்னு இருக்கு.”

“கேளுங்க. சொல்லிட்டுப் போறேன்” என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எண் ஒருவழியாக அடங்கியது. பூஜ்யத்தில் அல்ல, நாலில்.

“பாத்தீங்களா? ரெண்டு பக்கமும் மூடியிருக்கு, துளிகூட ஓடலை. இது நாலு ஓடுதுங்குது. நிக்க வெச்சா, மீட்டருக்குள்ள இருக்கிற சூட்டுல வாயு தானா சுத்தும். அதையும் கணக்குல சேத்துக்குது. நீங்க இருபது வெச்சா உலைக்குப் போனது பதினாறுதான்.”

“அப்போ நான் அளவு வெச்சேனா?”

“தினமும் வெச்சிருக்கீங்க.”

நின்ற நிலையிலேயே அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்து வந்த துண்டுகள் பளபளத்தன. மேலாளர் வந்து பார்த்தார். பேக்கிங் பேச்சை எடுக்கவில்லை.

சாயங்காலம் வாசலில் மாமா சட்டென்று நின்றார். “சாப்பாட்டு டப்பாவ உலைகிட்டயே மறந்துட்டேன்.”

நான் அக்காவைப் பார்த்தேன். மாமா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே எடுக்கத் திரும்பிப் போனார்.

அக்கா அப்போதுதான் அழுதார்.