வேண்டாம் என்று சொல்லலாமாம்

எதற்கு என்று சொல்லாமலே சம்மதம் கேட்கிறவர்களை நான் பதினோரு வயதிலேயே பார்த்துவிட்டேன். அதனால் இன்றுவரை யாராவது என்னிடம் ரொம்ப மரியாதையாக "உங்க விருப்பம்தான்" என்று ஆரம்பித்தால் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்துவிடும்.

நைனா இறந்த பிறகு அம்மா எங்கள் ஊர் அனந்தபுரத்திலிருந்து பஸ் ஏறி, செஞ்சியில் நெல் ஏலம் விடும் கமிட்டியில் நெல் தூற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எனக்குத் தினமும் மாத்திரை உண்டு. "உனக்கு ரத்தம் கம்மி, அதுக்குத்தான்" என்பாள். அவளுக்கும் மாத்திரை உண்டு. அதை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்து, நான் பார்க்காதபோது முழுங்குவாள். நான் பார்க்கவில்லை என்பது அவள் நினைப்பு.

மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகும் செஞ்சி ஆஸ்பத்திரியில் பெரியவர்கள் எல்லோரும் "அந்த வியாதி", "இந்தப் பிரச்சினை" என்று காதோடு காதாகப் பேசுவார்கள். அவர்கள் தலைக்கு மேலே சுவரில், சிவப்பு ரிப்பன் படத்தோடு, எச்.ஐ.வி. என்று பூசணிக்காய் அளவு எழுத்தில் எழுதியிருக்கும். பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது என்று அத்தனை படித்தவர்களும் நம்பினார்கள்.

நான் படித்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. பேர் தெரிந்தால் யாரிடமிருந்து வந்தது என்று அடுத்துக் கேட்பேன், அது தெரிந்தால் அவளை வெறுத்துவிடுவேன் என்று அவள் ஒருநாள் நர்ஸம்மாவிடம் சொல்லி அழுததைக் கேட்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூரிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு புது மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். முதலில் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். பிள்ளையிடம் பேரை மட்டும் சொல்லக் கூடாது என்று அம்மா கெஞ்சினாள். பெரிய மனசோடு தலையாட்டிவிட்டு, அடுத்த நிமிடமே என்னுடைய சுதந்திரமான சம்மதத்தை வாங்க வந்துவிட்டார்கள். ஒரு சார், கையில் பட அட்டைகளோடு ஒரு அக்கா.

"பாப்பா, இதுல சேர்றது உன் இஷ்டம். பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லலாம். யாரும் திட்ட மாட்டாங்க" என்றாள் அக்கா.

"இன்னா வியாதிக்குக்கா?"

அக்கா சாரைப் பார்த்தாள். சார் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு அக்கா ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினாள். மலைமேல் கோட்டை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காகவே வரையச் சொன்னார்களாம், அதில் இரண்டு பேருக்கும் ஏகப் பெருமை.

"உன் உடம்பு இந்த செஞ்சிக் கோட்டை மாதிரி. உள்ளே வீரர்கள் இருக்காங்க, வெளியே எதிரி இருக்கான். நீ மாத்திரை போட்டா வீரர்கள் கோட்டையை விடவே மாட்டாங்க."

வேறு ஊரில் போய்ச் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்கும். எங்களையோ வருஷாவருஷம் அந்தக் கோட்டை இருக்கும் ராஜகிரி மலைக்கு ஓட்டிக்கொண்டுபோய், அதை யாரிடமிருந்து யார் பிடித்தார்கள் என்று வாத்தியார் வெயிலில் நிற்கவைத்து ஒப்பிக்கச் சொல்வார்.

"அந்தக் கோட்டைய வந்தவன் போனவன்லாம் புடிச்சிட்டாங்களேக்கா. இப்ப குரங்குதான் இருக்குது."

"ஸ்மார்ட் கேர்ள்" என்று சார் சிரித்தார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

"அப்ப எனக்கு வேணாம்" என்றேன்.

அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லலாம் என எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிக்கொண்டு வந்தவர்கள், ஒரு பிள்ளை நிஜமாகவே சொல்லிவிடும் என்று நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. "குழந்தைக்குப் புரியலை, அம்மாவைக் கூப்பிடுங்க" என்றார் சார். சரி என்றிருந்தால் எல்லாம் புரிந்த பிள்ளை. வேண்டாம் என்றதும் ஒன்றும் புரியாத பிள்ளையாகிவிட்டேன்.

அம்மா உள்ளே வந்தாள். "சரின்னு சொல்லு கண்ணு. நல்ல மாத்திரையாம்."

"இன்னா வியாதின்னு சொல்லச் சொல்லும்மா. அப்பறம் சொல்றேன்."

அம்மா, சொல்லிடாதீங்க என்பதுபோல அந்த அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தச் சின்னப் பெண்ணை என் அம்மா கும்பிட்டதை என்னால் தாங்க முடியவில்லை. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"எச்.ஐ.வி. தான? வெளிய சுவத்துலயே எழுதி இருக்குது. எனக்கு மூணாவது படிக்கறப்பவே தெரியும்."

முதலில் சுதாரித்துக்கொண்டவர் சார்தான். "ரொம்ப நல்லதாப் போச்சு" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். என் அம்மா அங்கே கும்பிட்ட கையோடு நிற்கிறாள், இவருக்கு நல்லதாய்ப் போய்விட்டதாம்.

அம்மா அந்தப் பேனாவை வாங்கி அவர் முன்னாலேயே வைத்தாள். "பொண்ணு வேணாம்னு சொல்லிடுச்சு இல்ல சார்" என்று என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

அன்று அமாவாசை. பஸ் ஸ்டாண்டில் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்களுக்கு ஜனம் முண்டியடித்தது. அந்த இரைச்சலில், என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"எங்கிட்ட இருந்துதான் உனக்கு வந்துச்சு."

"தெரியும்மா."

"அப்பறம் ஏன்டி இத்தினி நாளா கேக்கல?"

"நீ அழுவியே."

அழத்தான் செய்தாள். அனந்தபுரம் பஸ் வந்து நின்று, எங்களை ஏற்றாமலே போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா அரிசி டப்பாவுக்குள் கைவிட்டுத் தன் மாத்திரையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எப்போதும் வாயில் திணிக்கும் என் மாத்திரையை அன்றைக்கு என் உள்ளங்கையில் வைத்தாள்.

"போட்டுக்கிறியா?" என்று கேட்டாள். அதுவரை அவள் என்னை அப்படிக் கேட்டதே இல்லை.

"ம். நீயும் போடு" என்றேன்.