ஈர மடியில் மூடிய ரேடியோ

மைசூரில் ஆடி பிறந்தாலே எங்களைப் போன்ற ரேடியோ ரிப்பேர்க்காரர்களுக்கு வேலை குவியும். ஓயாத சாரல், எலும்பில் இறங்கும் குளிர். செட்டுக்குள் ஈரம் ஏறினால் முதலில் இரையும், பிறகு பேச்சு தேயும், கடைசியில் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். மகாராஜா காலத்தில் அது கருகினால் புதியதற்குப் பம்பாய்க்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். நான் அப்போது தேவராஜ மொஹல்லாவில் ஒரு கடையில் வேலை பார்த்தேன்.

ஒரு மத்தியானம் ஓர் அய்யங்கார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற வாத்தியார், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். அவர் மகள் வேதா அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் ரேடியோ நிலையத்தில் முதல் தடவை பாடுகிறாள். வீட்டு செட்டோ கரகரவென்று இரைகிறது.

செட் பூஜை அறையில் இருந்தது. "காத்தால பாசுரம் பாடறதே, வேற எங்க வெக்கறது?" என்றார் வாத்தியாரின் மனைவியான மாமி. நான் அந்த அறைக்குள் போகக்கூடாது. அவரே தூக்கிவந்து கூடத்தில் வைத்தார். மேலே போர்த்தியிருந்த துணியைத் தொட்டேன், சில்லென்றிருந்தது.

"என்னம்மா, ஈரமா இருக்கே?"

"குளிரும் சாரலும் படாம மூடி வெக்கணும்னு செட்டை வித்தவா சொன்னா. ஸ்வாமி உள்ளுக்கு மடித்துணிதானே போகும்? தினம் தோச்சு, யாரும் தொடாம உலர்த்தினதைத்தான் போத்தறேன். இந்த மழைல எது காயறது? நானே ஈரத்தைத்தான் கட்டிண்டிருக்கேன்."

கட்டிலிலிருந்து வாத்தியார், "என்னை ஒரு நாள் இப்படிப் போத்தினதில்லே. ரேடியோவுக்கு யோகம்," என்றார்.

"நீங்க சும்மா இருங்கோ."

பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே சேசிஸ் தகட்டின் மேல் நீர் முத்து முத்தாக நின்றது, வால்வு சாக்கெட்டெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. துடைத்துவிட்டு, கரி அடுப்பு கேட்டு வாங்கினேன். கிட்டே வைத்தால் கம்பிச்சுருள் மேல் பூசிய மெழுகு உருகும். தள்ளி வைத்தால் நேரம் போதாது. முழத்தூரம் விட்டு வைத்து, விசிறியால் சூட்டை மட்டும் அனுப்பினேன். மாமியும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து விசிறினார்.

வெளிச்சம் மங்கியது.

"போட்டுத்தான் பாருமே. அவ பாடிட்டு ஆத்துக்கே வந்துடுவா போலருக்கு," என்றார் வாத்தியார்.

"இன்னும் ஈரம் இருக்கு சாமி. இப்பப் போட்டா செட்டே போயிடும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மாமி எழுந்து போய் விளக்கேற்றினார். பாட்டு தொடங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மரைப் புறங்கையால் தொட்டேன். ஈரம் போன சூடு. பலகையை மாட்டி, சாமுண்டித் தாயே என்று சுவிட்சைப் போட்டேன். வால்வு சூடேறக் காத்திருந்தோம். இரைச்சல் வந்தது. அதற்கடியில் தம்பூரா. பிறகு ஒரு பெண் குரல், மேல் ஸ்தாயியில்.

"அவதான்," என்றார் மாமி.

வாத்தியாரின் விரல் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டது. பாதிப் பாட்டும் மங்களமும் கிடைத்தன. அம்மன் கருணை.

கிளம்பும்போது தயங்கி நின்றேன். மடியில்லாத துணி அந்த அறைக்குள் போகாது. காய்ந்த மடித்துணி ஆடியில் கிடைக்காது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? ஆனால் மாமி அதற்குள் பெட்டியைத் திறந்து பழைய கூறைப் புடவையை எடுத்து வந்திருந்தார்.

"பட்டுக்குத் தீட்டில்லே. நனைக்காமலே மடி. இதைப் போத்தலாமோல்லியோ?"

"செட் ஆறினதும் போர்த்துங்க அம்மா. பின்பக்கம் மட்டும் காத்தாட விடுங்க."

அதன் பிறகு மழைக்காலத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும், செட்டைத் திறக்குமுன் மூடியிருக்கும் துணியைத் தொட்டுப் பார்ப்பேன். ஏன் அந்தத் துணி என்றும் கேட்பேன். கேட்டால் வழியை அந்த வீட்டுக்காரர்களே சொல்லிவிடுகிறார்கள்.