உடைந்த நிரலைக் காட்டிய பிற்பகல்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்காகச் செல்லும் பிள்ளையைப் பற்றி நம் குடாநாட்டில் இரண்டு செய்திகளே பரவுகின்றன: இடம் கிடைத்துவிட்டது என்பது ஒன்று; விமானம் ஏறியாயிற்று என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் மாதங்களைப் பற்றி எவரும் எழுதி வைப்பதில்லை. கணினியியலில் முதுநிலைப் பட்டம் பெறப் போகிறவர் பலர் அம்மாதங்களில் ஆயத்தக் கற்கை ஒன்றைத் தேற வேண்டியிருக்கிறது. அதிலே கெட்டிக்காரரும் இடறி விழக் கூடும். என் மருமகள், அதாவது தங்கையின் மகள், அவ்வாறு இடறியதையும் எழுந்ததையும் ஒரே வீட்டில் இருந்து கண்டவன் நான். அடுத்து ஆயத்தமாகிறவர்களுக்கு இது பயன்படக் கூடும் என்பதால், நினைவு மங்குமுன் எழுதி வைக்கிறேன்.

அவள் பௌதிகவியல் பட்டதாரி. வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பித்து வந்தாள். கணினியியலை முறையாகப் பயிலாதவள் ஆகையால், பல்கலைக்கழகம் அவளுக்கு நிபந்தனையுடன்தான் இடம் அளித்தது. இணையவழியே நடக்கும் ஆயத்தக் கற்கையைத் தேறினால் பட்டப்படிப்பு. தேறாவிடின் இடம் இல்லை. தென்மராட்சியில் இருந்த அவள் வீட்டில் இணைப்பு நிலையாக நிற்பதில்லை. எனவே பணியிலிருந்து விடுமுறை பெற்றுக்கொண்டு கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஒரு மடிக்கணினியையும், முன்பு மாணவருக்கு மாலை வகுப்பு எடுக்கப் பயன்படுத்திய கரும்பலகையையும் கொண்டுவந்தாள். பலகை எதற்கு என்று என் மனைவி கேட்டதற்கு, அது இல்லாமல் தனக்கு யோசனை ஓடாது என்று விடை சொன்னாள்.

அவள் வேலை செய்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எழுத வேண்டிய கணினி நிரலை முதலில் வெண்கட்டியால் பலகையில் எழுதுவாள். பிழை கண்டால் ஈரத்துணியால் துடைப்பாள், மீண்டும் எழுதுவாள். எல்லாம் சரியென்று உறுதியான பின்னரே கணினியில் தட்டச்சுச் செய்வாள். நம் பள்ளிகளில் 'றஃப் கொப்பி' என்றும் 'ஃபெயார் கொப்பி' என்றும் இரண்டு வைத்திருந்தோம் அல்லவா? அடித்தல் திருத்தல் எல்லாம் முதலாவதில்; ஆசிரியர் கைக்குப் போவது இரண்டாவது மட்டும். அந்த ஒழுக்கம் அவளிடம் சற்றும் குலையாமல் இருந்தது. செம்மைப்படி என்பது படிப்பவருக்கு எழுதுபவர் செய்யும் மரியாதை என்பது என் கருத்து. இன்றும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆயத்தக் கற்கையின் பெரிய பயிற்சிக்கு அவள் எடுத்துக்கொண்டது நம் ஊர்க் கிணறுகள். வலிகாமத்துத் தோட்டக்காரர் சிலரிடம் அவர்கள் மாதந்தோறும் குறித்துவந்த நீர்மட்ட, உவர்ப்பு அளவுகளைக் கேட்டுப் பெற்று, எந்தக் கிணறு எப்போது இறங்குகிறது, எது உவர்க்கத் தொடங்குகிறது என்று காட்டும் நிரல் அது. முடித்து அனுப்பிய அன்று எங்களுக்குத் திரையில் காட்டினாள். கோடுகள் ஏறி இறங்கின. என் மனைவி தன் அளவெட்டித் தாய்வீட்டுக் கிணற்றைத் தேடிக் கண்டுபிடித்து மகிழ்ந்தாள்.

சில நாளில் பயிற்றுநரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர் ஒரு பெண்மணி. அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இந்த ஆயத்தப் பிரிவை நடத்துபவர். நிரல் நன்றாக உள்ளது என்றும், ஆனால் அதை இவள்தான் எழுதினாள் என்று தம்மால் துணிய முடியவில்லை என்றும் அவர் எழுதியிருந்தார்.

காரணம் இதுதான். மாணவர் எழுதும் நிரலை அன்றன்று எந்த நிலையில் இருந்தாலும், உடைந்து இயங்காமல் இருந்தாலும்கூட, பொதுவான பதிவகம் ஒன்றில் சேர்க்க வேண்டும். என்ன செய்தோம், என்ன பிழையாயிற்று என்று ஒரு வரிக் குறிப்பும் இட வேண்டும். அதனால் நிரல் வளர்ந்த வழி முழுவதும் பயிற்றுநர் கண்ணுக்குத் தெரியும். என் மருமகளின் பதிவகத்திலோ வாரக்கணக்கில் ஒன்றுமே இல்லை. கடைசி நாளில் முழு நிரலும் ஒரு பிழையும் இன்றி ஒரே தடவையில் வந்து இறங்கியிருந்தது. வேறொருவர் எழுதிக் கொடுத்ததும், இப்போதைய செயற்கை அறிவுக் கருவிகள் ஆக்கிக் கொடுப்பதும் அப்படித்தான் வந்து இறங்குமாம். அவள் அந்த வழி முழுவதையும் எழுதியது வெண்கட்டியால். அது துணியோடு போயிற்று.

அந்த அறிவுறுத்தலை வாசிக்கவில்லையா என்று கேட்டேன்.

"வாசிச்சனான் மாமா. முதல் வகுப்பிலையும் சொன்னவ, உடைஞ்சதைக் காட்டுங்கோ, வெக்கப்படாதேங்கோ எண்டு. நான் அதை ஒரு மரியாதைக்குச் சொல்லுறா எண்டு நினைச்சிட்டன்."

"மரியாதைக்கோ?"

"கலியாணவீட்டுக்குச் சொல்லேக்கை, ஒண்டும் கொண்டுவராதேங்கோ, சும்மா வாங்கோ எண்டுதானே சொல்லுவினம். ஆரும் சும்மா போறதே?"

எனக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. நம்மவருள் எவரும் அவ்வாறே பொருள் கொண்டிருப்பர்.

பயிற்றுநர் கதவைச் சாத்திவிடவில்லை. குறித்த நாளில் திரைவழியே சந்திக்க வேண்டும். அவர் கேட்கும் மாற்றத்தை அவர் பார்த்திருக்கையிலேயே நிரலில் செய்ய வேண்டும். செய்யும்போது என்ன நினைக்கிறாள் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதில் நம்பிக்கை பிறக்காவிடின் பயிற்சி தள்ளப்படும். பயிற்சி போனால் கற்கை போகும்; கற்கை போனால் பட்டப்படிப்புக்கான இடமும் போகும்.

அவள் அஞ்சியது நிரலுக்கு அன்று. ஒருவர் பார்த்திருக்கப் பிழை விடுவதற்கே அஞ்சினாள். எனவே வீட்டிலேயே பழகுவது என்று முடிவாயிற்று. கூடத்து மேசையில் கணினியை வைத்துக்கொண்டு அவள் எழுத, நானும் மனைவியும் பயிற்றுநர்போல் எதிரே இருந்தோம். முதல் நாள் விரல்கள் விசைப்பலகையில் அசையாமலே கிடந்தன. கண் திரும்பித் திரும்பிக் கரும்பலகைக்கே போயிற்று. மனைவி எழுந்து சென்று பலகையைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

அதற்குப் பின் அவள் எழுதத் தொடங்கினாள். திரையில் பிழை காட்டும் சிவப்பு எழுத்துகள் வந்தன. அவள் வாய்விட்டு ஏதோ சொல்வாள், நடுவிலே நிறுத்துவாள், அழித்துவிடுவாள். மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் எழும்பி விறாந்தையிலை போய் இருங்கோ."

நான் ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்றேன்.

"சொல்லத் தேவையில்லை. நீங்கள் விடுற மூச்சே பிள்ளைக்குப் பிழை, பிழை எண்டு கேக்குது."

மருமகள் அன்றைக்குத்தான் அந்த மின்னஞ்சலுக்குப் பின் முதன்முறையாகச் சிரித்தாள். நான் விறாந்தைக்குப் போனேன். அடுத்து வந்த நாள்களில் மனைவி மட்டும் அரிவாளோடும் மரக்கறியோடும் எதிரே இருந்தாள். நிரலில் ஒரு சொல்லும் அவளுக்கு விளங்காது. ஆயினும் மருமகள் பேச்சை நிறுத்தினால், "பேந்து?", அதாவது பிறகு என்ன, என்று மட்டும் கேட்பாள். அந்த ஒரு சொல்லுக்கு விடையாகவே மருமகள் கதைக்கப் பழகினாள் என்று எண்ணுகிறேன்.

சந்திப்பு நாள் பிற்பகல், எங்கள் ஒழுங்கைத் தெருவின் முடிவில் உள்ள கோயிலில் திருவிழா. ஒலிபெருக்கியில் நாதசுரம் முழங்கிற்று. கதவையும் சன்னல்களையும் அடைத்தும் பயனில்லை. மனைவி சேலையைச் சரிசெய்துகொண்டு கோயிலுக்கு நடந்தாள். திருவிழாவை நடத்துபவர் எங்கள் அயலவர். என்ன சோதனை, எந்த நாடு, பிள்ளைக்குக் கலியாணம் பேசியாயிற்றா என்று எல்லாவற்றையும் கேட்டறிந்த பின்னரே ஒலிபெருக்கியை நிறுத்த ஒப்பினாராம். "பிள்ளை பாஸ் பண்ணாட்டி நாளைக்கு இரண்டு மடங்காய்ப் போடுவன் எண்டு சொல்லிவிட்டவர்" என்று மனைவி வந்து சொன்னாள். மருமகள் உள்ளே மேசைமுன் அமர்ந்தாயிற்று. திரை ஏற்கெனவே திறந்திருந்தது.

நான் விறாந்தையில் இருந்தேன். கதவு ஒருக்களித்திருந்தமையால் ஆங்கிலப் பேச்சுத் தெளிவாகக் கேட்டது. பயிற்றுநர் கேட்ட மாற்றம் எளிதாகவே தோன்றிற்று. ஒரு மாதத்தில் ஒரு கிணற்றுக்காரர் அளவு தரவில்லை என்றால் நிரல் என்ன செய்யும்? இவள் எழுதினாள். எழுதியதை இயக்கினாள். அதன்பின் வந்த அமைதி நெடியது. 'பேந்து?' என்று கேட்க அங்கே எவரும் இல்லை.

பின்பு அவள் குரல் கேட்டது. தான் செய்தது தவறு என்றாள். அளவு வராத மாதத்தைப் பூச்சியம் என்று நிரல் எடுத்துக்கொண்டதால், நீருள்ள கிணறு வற்றியதாகத் திரையில் தெரிகிறது. அளக்காத கிணறு வற்றிய கிணறு ஆகாது. தோட்டக்காரர் மழை நாளிலோ சாவீடு நடந்த வாரத்திலோ அளக்காமல் விட்டிருக்கலாம் என்று விளக்கினாள். அதையே குறிப்பாக எழுதி, உடைந்த நிரலை அப்படியே பதிவகத்தில் சேர்ப்பதாகவும் சொன்னாள்.  அடுத்துச் செய்த திருத்தமும் பிழையாயிற்று. அதையும் சொன்னாள், சேர்த்தாள். சாவீட்டுக்கும் கிணற்றளவுக்கும் என்ன தொடர்பு என்று பயிற்றுநர் கேட்க, இவள் நம் ஊர் வழக்கத்தை விளக்கினாள். இருவரும் சிறிது சிரித்ததும் கேட்டது.

அவள் கதவைத் திறந்து விறாந்தைக்கு வந்தாள்.

"முடியேல்லை மாமா. நேரம் போட்டுது. உடைஞ்சபடியே விட்டிட்டு வாறன்."

நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

"உடைஞ்சதைத்தானே அவ கேட்டவ. குடுத்திட்டாய். வா, தேத்தண்ணி குடி."

மறுமொழி வருவதற்கு ஒரு வாரம் சென்றது. அந்த வாரத்தில் அவள் மடிக்கணினியை மூடி வைக்கவில்லை. முடியாமல் விட்ட நிரலை நாளுக்குச் சிறிதாகத் திருத்தினாள். ஒவ்வொரு மாலையும் குறிப்போடு பதிவகத்தில் சேர்த்தாள். எவரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

மின்னஞ்சலை அவளே எங்களுக்கு உரக்க வாசித்தாள். அன்று பிற்பகல் அவள் எண்ணிய விதத்தைத் தாம் கண்டதாகவும், நிரல் அவளுடையதே என்பதில் இனி ஐயமில்லை என்றும் பயிற்றுநர் எழுதியிருந்தார். அவ்வாரத்துப் பதிவுகளையும் நாள்தோறும் பார்த்து வந்தாராம். பயிற்சி ஏற்கப்பட்டது. எஞ்சிய பயிற்சியை முதல் நாள் தொட்டே பதிவகத்தில் வளர்க்க வேண்டும் என்ற ஒரு கட்டளை மட்டும் இருந்தது. அவள் அவ்வாறே வளர்த்தாள், கற்கையைத் தேறினாள், இடம் உறுதியாயிற்று. இப்போது அங்கே முதற் பருவம் நடக்கிறது. பல நாட்டவர் கூடிய வகுப்பில், தனக்கு விளங்காததை முதலில் கை உயர்த்திக் கேட்பவள் தானே என்று சென்ற கிழமை தொலைபேசியில் சொன்னாள். சொல்லும்போது குரலில் சிறிது பெருமையும் இருந்தது.

நான் தமிழ் கற்றவன். கணினியியல் கற்றவன் அல்லேன். பதிவகம், நிரல் முதலியவற்றைப் பற்றி மேலே எழுதியவை, விறாந்தையில் இருந்து கேட்டவையும் அவள் சொல்லப் புரிந்துகொண்டவையுமே. அத்துறை அறிந்தோரும், இத்தகைய ஆயத்தக் கற்கையைக் கடந்தோரும் இதில் வழுக்கள் காணின், பொறுத்துப் போகாமல் எனக்கு எழுதித் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். திருத்திப் பதிப்பேன்.