ஆடுகள் விலகிய நேரம்

சிதம்பரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். புதியவர்களைப் புவனகிரிப் பக்கம் ஒரு பொட்டலுக்கு அழைத்துப்போவேன். வெள்ளைக்காரர் காலத்தில் சின்ன விமானங்கள் இறங்கிய இடம் அது. கட்டடம் எதுவும் மிச்சமில்லை. சரளை இறுகிய நீளமான ஓடுதளம் மட்டும் கிடக்கிறது.

அன்று மதியம், பழக வந்த பெண் பதற்றத்தில் கிளட்ச்சைச் சட்டென்று விட, வண்டி நட்டநடுவில் அணைந்து நின்றது. ஆடு மேய்க்கும் அக்கா ஓடிவந்தார்.

“சார், வண்டிய ஓரமா எடுங்க. அது எறங்குற நேரம்.”

“எது, ஏரோப்ளேனா? அதெல்லாம் போயி நூறு வருஷம் ஆவுதுக்கா. நீங்க போயி ஆட்டப் பாருங்க” என்று சிரித்தேன். வீம்புக்கென்றே வண்டியை எடுக்க விடவில்லை.

அவர் விலகிப் போனார். யாரும் விரட்டாமலே ஆடுகளும் இரண்டாகப் பிரிந்து ஓரங்களுக்கு ஒதுங்கின. எல்லாம் தலை தூக்கிக் கிழக்கு வானத்தைப் பார்த்தன. பிறகு அத்தனை தலைகளும் ஒன்றாக, மெல்லத் தாழ்ந்தபடியே எங்கள் பக்கம் திரும்பின. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. சத்தமும் இல்லை.

காருக்குள் ஒரு நொடி இருட்டியது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் குனிந்தேன்.

ஆடுகள் மேற்கே பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின.

“போயிடுச்சு, இனிமே எடுங்க” என்றார் அக்கா, டவுன் பஸ்ஸைச் சொல்வதுபோல.

அந்தப் பெண் அப்புறம் வரவே இல்லை. நான் இன்னும் அங்கேதான் கற்றுக்கொடுக்கிறேன். கிளம்பும் முன் கண்ணாடியைப் பார்க்கச் சொல்வது வழக்கம். அங்கே மட்டும், முதலில் ஆடுகளைப் பார்க்கச் சொல்கிறேன்.